வெட்ஜ்வுட்டா, ஸ்போடா: ஆங்கிலேயச் சாப்பாட்டுத் தட்டை உருவாக்கியது யார்?

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டக் குயவர்களில் உலகறிந்த பெயர் ஜோசையா வெட்ஜ்வுட்டுடையது. ஆயினும் ஆங்கிலேயத் தட்டு என்றதும் கண்முன் வரும் வெண்மையும் நீலச் சித்திரமும், அவருடைய போட்டியாளர் ஜோசையா ஸ்போடின் பட்டறையில்தான் செம்மை பெற்றன.

1759இல் அம்மாவட்டத்துப் பர்ஸ்லெம் ஊரில் தனித்தொழில் தொடங்கிய வெட்ஜ்வுட், பாலேட்டு நிறத்தில் மெல்லிய மட்கலங்களைச் செய்தார். 1765இல் அரசி சார்லட் தேநீர்க் கலங்கள் கேட்டதும் அவற்றுக்கு 'குவீன்ஸ் வேர்' (அரசியின் கலம்) என்று பெயர் சூட்டி விற்றார். ரஷ்யப் பேரரசி கேத்தரீனுக்காகச் செய்த, தவளைச் சின்னம் தீட்டிய 900க்கும் மேற்பட்ட கலங்களை, அனுப்புவதற்கு முன் 1774இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். விளம்பரத்தில் அவரை வெல்ல ஆளில்லை. நீலப் பரப்பில் வெண்ணிறப் புடைப்புச் சித்திரம் கொண்ட அவருடைய புகழ்பெற்ற ஜாஸ்பர் கலங்களோ பெரும்பாலும் அலங்காரத்துக்கானவை. சாப்பாட்டுக்கு அவற்றால் பயனில்லை.

ஸ்போடின் பங்கு தொழில்நுட்பத்தில் இருக்கிறது. செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரத்தில் நீல நிறம் தரும் கோபால்ட் மையைத் தடவி, மெல்லிய தாளில் ஒற்றியெடுத்து, ஒருமுறை சுட்ட தட்டின் மேல் அழுத்துவார்கள். தாளைக் கழுவிய பின் மெருகுப் பூச்சிட்டு மீண்டும் சுடுவார்கள். 1784 வாக்கில் ஸ்போட் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். பூச்சுக்கு அடியில் இருப்பதால் கத்தி பட்டாலும் சித்திரம் தேயாது. குவீன்ஸ் வேரின் அச்சுச் சித்திரங்களோ பூச்சின் மேலே இருந்ததால் நாளடைவில் தேய்ந்தன. பழைய ஸ்போட் தட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தால், தாள்கள் சந்தித்த இடத்தில் பூக்கொடி பாதியில் வெட்டுப்பட்டிருப்பதைக் காணலாம். எனக்கு அதுவும் ஓர் அழகுதான்.

ஸ்போட் தொடங்கி, அதே பெயர் கொண்ட அவர் மகன் முழுமையாக்கிய போன் சைனா என்னும் வெண்பீங்கானில் ஏறக்குறையப் பாதி எலும்புச் சாம்பல். சைவ வீட்டினர் இதை அறிந்து வாங்குவது நல்லது. வெட்ஜ்வுட் நிறுவனம் 1812இல்தான் இத்துறைக்கு வந்து, சில ஆண்டுகளில் கைவிட்டு, 1878இல் மீண்டும் தொடங்கியது.

2008, 2009 பொருளாதார நெருக்கடியில் இரு நிறுவனங்களும் நொடித்தன. ஸ்போட் பெயரை போர்ட்மெய்ரியன் என்ற மற்றொரு பீங்கான் நிறுவனம் வாங்கி, 1816இல் வெளிவந்த 'புளூ இட்டாலியன்' தட்டுகளை ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஸ்டோக் நகரிலேயே செய்கிறது. வெட்ஜ்வுட் உற்பத்தியில் பெரும்பகுதி அதற்கு முன்பே இந்தோனேசியாவுக்குப் போய்விட்டது. அன்றாடம் உண்பதற்கென்றால் நான் ஸ்போடையே எடுப்பேன்.