சைக்கிள் பின்விளக்கு: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியலுக்கு முன் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை சைக்கிள் ஓட்டும் நான், யு.எஸ்.பி. வழியாகச் சார்ஜ் ஏற்றும் இந்தச் சிவப்புப் பின்விளக்கை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மட்கார்டில் உள்ள பிரதிபலிப்பான் வாகன வெளிச்சம் நேராகப் பட்டால்தான் மின்னும். இவ்விளக்கோ பக்கத் தெருவிலிருந்து திரும்பும் காருக்கும் நம் இருப்பைக் காட்டிவிடுகிறது. விட்டுவிட்டு ஒளிரும் நிலை விரைவில் கண்ணில் படும் என்றாலும், சைக்கிள் எவ்வளவு தொலைவில் செல்கிறது என்று ஓட்டுநர் கணிக்க நிலையான ஒளியே உதவுவதால், நான் அதையே தேர்ந்தெடுக்கிறேன்.

பிரிட்டனின் சாலை விதிநூல், மணிக்கு 30 மைல் வேகம் வரை செல்லும் வாகனங்கள் சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கிறது. அவ்வளவு விலகிச் செல்ல ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதை, கார் ஓட்டும்போது நானே உணர்ந்திருக்கிறேன்.

குறை, ரப்பர் பட்டையில்தான். வேகத்தடைகளில் குலுங்கிக் குலுங்கி அது நெகிழ்ந்துவிட, ஒருநாள் இறங்கிப் பார்த்தபோது விளக்கு தார்ச்சாலையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. அதுவரை என்னைக் கடந்த லாரிகளை நினைத்து நெஞ்சு பதறியது. இப்போது பிளாஸ்டிக் டேக் கொண்டு இறுக்கியிருக்கிறேன். வாங்குவோர் முதல் நாளே அவ்வாறு செய்துவிடுங்கள்.