லிஸ்ப்பில் நிலை மாற்றம்: கையால் செட்எஃப்பா, செல்ஸா?

ஒரு தண்ணீர்த் தொட்டி. மட்டம் 20க்குக் கீழே போனால் பம்ப் ஓட வேண்டும், 90ஐத் தொட்டால் நிற்க வேண்டும். காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் இதை எழுத இரண்டு வழி: மதிப்பை மாற்றும் செட்எஃப்புக்கு (setf) ஆஃப்டர் மெத்தட் (மாற்றம் முடிந்ததும் தானாக ஓடும் நிரல்) வைத்து நாமே தொடர்மாற்றங்களைச் செய்வது, அல்லது கென்னி டில்டனின் செல்ஸ் (Cells) நூலகம்; அதில் ஒரு மதிப்பு மாறினால் அதை நம்பியவை தானாகவே மாறும்.

தொடக்கம்
செட்எஃப்: புதிதாகக் கற்க எதுவுமில்லை.
செல்ஸ்: எது உள்ளீடு (நாமே தரும் மதிப்பு), எது சூத்திரம் (மற்ற மதிப்புகளிலிருந்து கணக்கிடுவது) என்று முதலிலேயே பிரிக்க வேண்டும். பழக நாளாகும்.

சார்பு
செட்எஃப்: மட்டத்தை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்பது உங்கள் தலையில்தான். வித்-ஸ்லாட்ஸ் (ஸ்லாட், அதாவது பொருளுக்குள் மதிப்பு இருக்கும் இடத்தை, நேரடியாகத் தொடும் வசதி) வழியாக மதிப்பை மாற்றினால் ஆஃப்டர் மெத்தட் ஓடவே ஓடாது. பம்ப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நான் ஒரு மாலை முழுக்க இதில் தொலைத்தேன்.
செல்ஸ்: சூத்திரம் ஓடும்போது எந்த ஸ்லாட்டைப் படிக்கிறதோ, அதுவே சார்பாகப் பதிவாகிவிடும்.

பழைய நிலை
20க்கும் 90க்கும் நடுவே பம்ப் இருந்தபடியே இருக்க வேண்டுமே?
செட்எஃப்: ஸ்லாட்டைத் தொடாமல் விட்டால் போதும்.
செல்ஸ்: சூத்திரத்துக்குள் .கேஷ் (.cache) என்று எழுதினால் முந்தைய மதிப்பு கிடைக்கும். அழகான தீர்வு, ஆனால் யாராவது சொல்லித் தந்தால்தான் தெரியும்.

பிழை தேடல்
செட்எஃப்: ட்ரேஸ் (எது எப்போது அழைக்கப்படுகிறது என்று காட்டும் வசதி) போட்டால் கண்ணில் படும்.
செல்ஸ்: சங்கிலி நீண்டால் எது எதைக் கிளப்பியது என்று பிடிப்பது சிரமம்.

இரண்டு மூன்று ஸ்லாட் என்றால் செட்எஃப் போதும். திரை இடைமுகம், சிமுலேஷன் மாதிரி ஒன்றை ஒன்று நம்பும் மதிப்புகள் குவிந்தால், யோசிக்காமல் செல்ஸ்.