சேலத்திலிருந்து ஒரு நாள்: ஏற்காடா, கொல்லிமலையா, ஒகேனக்கல்லா?

சேலத்தில் வீடு இருப்பவர்களுக்கு மே மாதம் ஒரு கேள்வி தப்பாமல் வரும். எங்கள் வீட்டில் சென்னையிலிருந்து அக்கா குடும்பம் வந்து இறங்கும். இரண்டாம் நாளே பிள்ளைகளுக்கு வீடு அலுத்துவிடும். மாமா மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, "எங்கேயாவது கூட்டிட்டுப் போ மச்சான், வேகுது" என்பார். காலையில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றால் எங்களுக்கு இருப்பவை மூன்று: ஏற்காடு, கொல்லிமலை, ஒகேனக்கல். மூன்றுக்கும் எத்தனையோ முறை போயாயிற்று, எது உசத்தி என்ற சண்டைதான் தீரவில்லை. நான் கொல்லிமலைக் கட்சி. ஆனாலும் பத்தில் ஏழு முறை வண்டியை ஏற்காட்டுக்குத்தான் விட்டிருக்கிறேன்.

காரணம் தூரம். ஏற்காடு சேலத்துக்கு மொட்டை மாடி மாதிரி. 30 கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு மணி நேரத்தில் மேலே இருக்கலாம். டிபனை வீட்டில் முடித்துவிட்டுக் கிளம்பினாலும் பதினோரு மணி காபியை ஏரிக்கரையில் குடித்துவிடலாம். கூட்ட நாட்களில் மட்டும் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமையோ கோடை விழாவோ என்றால் அடிவாரத்திலிருந்தே வண்டிகள் ஊரும். அப்போதெல்லாம் குப்பனூர் வழியாக இறங்குவதுதான் என் வழக்கம். சுற்று கொஞ்சம் கூடுதல், ஆனால் தோட்டங்களுக்கு நடுவே போகிற பாதை, நெரிசலும் குறைவு.

கொல்லிமலைக்கு ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி அடிவாரம் போய், அங்கிருந்து ஏற வேண்டும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. பிள்ளைகள் முதலில் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டு வருவார்கள். முப்பதுக்கு மேல் சத்தம் குறையும். ஐம்பதுக்குள் யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தச் சொல்வார். எங்கள் வீட்டில் அது எப்போதும் மாமாதான். எலுமிச்சம்பழமும் நாலைந்து காலி கவர்களும் இல்லாமல் நான் இந்த மலை ஏறுவதில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பாவிட்டால் கொல்லிமலையை ஒரு நாளில் பார்க்க முடியாது. பார்த்தேன் என்று சொல்பவர்கள் மலைமேல் இருக்கும் செம்மேடு ஊரில் டீ குடித்துவிட்டு இறங்கியிருப்பார்கள்.

ஒகேனக்கல்லுக்கு வளைவுத் தொல்லை அவ்வளவாக இல்லை, நீளம்தான். தொப்பூர் கணவாய் ஏறி தருமபுரி, பென்னாகரம் வழியாகப் போகலாம். மேச்சேரி, பெரும்பாலை வழியாகவும் பென்னாகரத்தைப் பிடிக்கலாம். நான் இரண்டாவது ஆள். லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "வேகுது" என்று கிளம்புகிறவரை மே மாதம் ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், கொல்லிமலை 1,000 மீட்டருக்கு மேல். ஒகேனக்கல் இருப்பது காவிரிப் பள்ளத்தில். சேலத்து வெயில் அங்கேயும் உண்டு, போதாக்குறைக்குப் பாறைச் சூடு வேறு. தண்ணீருக்குள் இருக்கும் வரை சுகம், கரையேறினால் கால் பொரியும்.

தண்ணீர் என்று வந்துவிட்டால் ஒகேனக்கல்லை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. ஏற்காட்டின் கிளியூர் அருவி மழைக்காலத்தில் அழகு, கோடையில் பெரும்பாலும் வெறும் பாறை. ஏரியில் படகு விடலாம், அவ்வளவுதான். ஒகேனக்கல்லில் காவிரியே பாறைகளைப் பிளந்துகொண்டு விழுகிறது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. தூரத்தில் எழும் சாரலைப் பார்த்தால் பெயர் புரிந்துவிடும். ஐந்தருவியையும் சினி அருவியையும் மேலிருந்து பார்ப்பது ஒரு விதம். பரிசலில் ஏறி, இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி நிற்கும் இடுக்குக்குள் போவது வேறு விதம். துடுப்பை ஒரு சுழற்று சுழற்றி பரிசலைப் பம்பரமாக்கிவிடுவார் பரிசல்காரர். அக்கா மகள் அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் காவிரியிடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி உபரி நீர் திறந்தால் இங்கே பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வந்துவிடும். சேலம், தருமபுரிக்காரர்கள் ஆடி மாதம் செய்தித்தாளைத் திறந்ததும் ஒகேனக்கல் நீர்வரத்து விநாடிக்கு எத்தனை கனஅடி என்று தேடுவது விவசாயத்துக்காக மட்டும் இல்லை. ஒரு வருஷம் அதைப் பார்க்காமல் கிளம்பினேன். ஆறு செந்நிறமாகக் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. பிரம்மாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிட்டே போக முடியாது. தூர நின்று பார்த்துவிட்டு, மீன் தின்றுவிட்டுத் திரும்பினோம். மாமா வழி முழுக்கப் பேசவில்லை.

கொல்லிமலை ஆகாய கங்கை இதில் தனி ரகம். ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. கீழே நின்றால் முதுகில் குச்சியால் அடிப்பது போல இருக்கும். அதற்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். ஏறும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மூட்டு வலிக்காரர்கள், நெஞ்சுத் தொந்தரவு உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது. அவர்களுக்கு மாசிலா அருவி போதும், அங்கே இவ்வளவு நடை இல்லை. மழை வலுத்தால் ஆகாய கங்கையையும் மூடிவிடுவார்கள். ஆடிக்குப் பிறகு, மழை ஓய்ந்த ஒரு வார நாளில் போவதுதான் சரி.

கொல்லிமலை எனக்குப் பிடித்ததற்கு அருவி பாதிக் காரணம்தான். ஏற்காடு வெள்ளைக்காரர் பழக்கிய மலை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார், பிறகு தோட்டமும் பங்களாவும் பள்ளிக்கூடமுமாக வளர்ந்தது. கொல்லிமலை வல்வில் ஓரியின் மலை. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்து உடும்பில் போய்ச் செருகியதாகப் புறநானூறு சொல்கிறது. அதை நம்புவது உங்கள் இஷ்டம். இன்றும் மேலே ஏறினால் கண்ணில் படுவது வயல்களும் பலா மரமும் மிளகுக் கொடியும்தான். சுற்றுலாவுக்கென்று செய்துவைத்த மலையாகத் தெரியாது. ஏற்காட்டில் அந்த உணர்வு எனக்குக் கிடைப்பது சேர்வராயன் கோயிலில் மட்டும். மொட்டையான உச்சி, குனிந்து நுழைய வேண்டிய குகை, வெளியே வந்தால் காற்று. லேடிஸ் சீட் காட்சிமுனையில் செல்பி எடுக்க வரிசை நிற்கும் நேரத்தில் இங்கே வந்துவிடலாம்.

சாப்பாட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல்லுக்கே முதலிடம். மீனை நாமே பார்த்து வாங்கிக் கொடுத்தால், அங்கே சமைத்துக் கொடுக்கும் அம்மாக்கள் குழம்பும் வறுவலுமாக ஆக்கித் தருவார்கள். எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அளவு தெரியாமல் உள்ளே போகும். கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப், சீசனில் பலாப்பழம். மிளகு வாங்காமல் இறங்கினால் அம்மா கதவைத் திறக்க மாட்டார். ஏற்காட்டில் ஏரிப் பக்கம் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. அப்புறம், வீட்டுக்குப் பக்கத்தில் தட்டுவடை செட் இருக்கும்போது அதற்காக மலை ஏற வேண்டுமா என்று மாமா கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஆக, அப்பா அம்மாவும் கைக்குழந்தையும் வண்டியில் இருந்தால் ஏற்காடு, அதுவும் வார நாளில். கால் வலுவுள்ள நாலு பேர் என்றால் கொல்லிமலை. விசேஷத்துக்கு வந்த மொத்தக் கூட்டமும் வேன் பிடித்துக் கிளம்புகிறது என்றால், கனஅடி பார்த்துவிட்டு ஒகேனக்கல்.

மூன்றுக்கும் நேரம் இல்லாத நாட்களில் நான் எடப்பாடி பக்கம் பூலாம்பட்டிக்குப் போய்விடுவேன். கதவணையில் தேங்கி அகலமாக நிற்கும் காவிரியில், அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்குப் படகு போகும். மாலையில் சைக்கிள்காரர்களோடும் காய்கறி மூட்டைகளோடும் ஏறி, அக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த படகில் திரும்பலாம். அக்கா குடும்பத்துக்கு இதை இன்னும் சொல்லவில்லை.