ஷாவும் வர்ஜீனியா யூனியனும்: 1865இல் முளைத்த இரு பாப்திஸ்து பல்கலைக்கழகங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் ஓய்ந்தபோது, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் தென்மாநிலங்களில் முதலில் நாடிப் போனவற்றுள் ஒன்று பள்ளிக்கூடம். வடகரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதை அதுவரை சட்டமே தடுத்து வைத்திருந்தது. போர் முடிந்த அதே ஆண்டில், அமெரிக்க பாப்திஸ்து உள்நாட்டு மிஷன் சங்கம் என்ற ஒரே கிறிஸ்தவ அமைப்பின் ஆதரவில் வடகரோலினாவின் ராலே நகரிலும் வர்ஜீனியாவின் ரிச்மண்டிலும் தொடங்கிய வகுப்புகள்தான் பின்னாளில் ஷா பல்கலைக்கழகமாகவும் வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தன. இரண்டும் சிறியவை, இரண்டும் மாநிலத் தலைநகரில் இருப்பவை, 1912இல் கறுப்பினக் கல்லூரிகளுக்கென அமைந்த விளையாட்டுக் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பினர்களாகச் சேர்ந்து, இன்றும் அதில் எதிரெதிரே ஆடுபவை. இத்தனை ஒற்றுமை இருந்தும் இவற்றின் வரலாறு இரு வேறு திசைகளில் போனது. ஷா தன்னிடம் இருந்ததை வெளியே பகிர்ந்தளித்தபடி வளர்ந்தது; வர்ஜீனியா யூனியன் சிதறிக் கிடந்தவற்றைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது.

தொடக்கத்தை வைத்துப் பார்த்தால் ரிச்மண்டின் கதைக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. அங்கே ஷாக்கோ பாட்டம் பகுதியில் ராபர்ட் லம்ப்கின் என்ற அடிமை வணிகர் நடத்திய சிறை இருந்தது. விற்பனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களையும் தப்பியோடிப் பிடிபட்டவர்களையும் அடைத்து வைத்த அந்த வளாகத்தை மக்கள் 'பிசாசின் அரை ஏக்கர்' என்று அழைத்தார்கள். லம்ப்கின் 1866இல் இறந்தபின் அது மேரி லம்ப்கினின் கைக்கு வந்தது. அவர் முன்பு லம்ப்கினுக்கே அடிமையாக இருந்து, அவருடைய பிள்ளைகளைப் பெற்றெடுத்த பெண். பள்ளி நடத்த இடம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த நத்தானியேல் கோல்வர் என்ற வயது முதிர்ந்த போதகருக்கு, 1867இல் அந்த இடத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவர் அவரே. சன்னலில் இரும்புக் கம்பி பதித்த அந்தக் கட்டடத்தில், நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள் அமர்ந்து வேதாகமமும் இலக்கணமும் படித்தார்கள். ராலேயின் தொடக்கம் இவ்வளவு அதிரவைப்பதன்று. வடக்குப் படையில் பணியாற்றிய ஹென்றி மார்ட்டின் டப்பர் என்ற மாசசூசெட்ஸ் போதகர் 1865 டிசம்பரில் ஒரு வேதாகம வகுப்பைத் தொடங்கினார். பிறகு கம்பளித் தொழிலதிபர் எலைஜா ஷாவின் நன்கொடை கிடைத்து, அவர் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று.

ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் ராலே வெகுதூரம் முந்திவிட்டது. 1870களின் தொடக்கத்தில் எழுந்த எஸ்டி ஹால், கறுப்பினப் பெண்களின் உயர்கல்விக்கென்றே அமெரிக்காவில் கட்டப்பட்ட முதல் கட்டடம் என்று மதிக்கப்படுகிறது. 1880களின் தொடக்கத்தில் லெனார்டு மருத்துவப் பள்ளி வந்தது. நான்காண்டு மருத்துவப் பாடத்திட்டத்தை நாட்டில் முதன்முதலாக வகுத்த பள்ளிகளுள் அது ஒன்று. கறுப்பினத்தவரை மருத்துவமனைக்குள் விடவே தயங்கிய ஒரு காலத்தில், அந்தப் பள்ளி அவர்களிலிருந்தே நூற்றுக்கணக்கான மருத்துவர்களை உருவாக்கியது. மருத்துவக் கல்வியை ஆராய்ந்த 1910ஆம் ஆண்டின் ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை, கறுப்பினத்தவருக்கான மருத்துவப் பள்ளிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் இருந்தால் போதும் என்று சொன்னது. லெனார்டு 1918இல் மூடப்பட்டது. தென்மாநிலச் சிற்றூர்களில் கறுப்பின மருத்துவர்களுக்கு நெடுங்காலம் நீடித்த பற்றாக்குறையை எண்ணும்போது, அந்த மூடலை வெறும் நிர்வாகச் செய்தியாக என்னால் வாசிக்க முடியவில்லை. ஷாவில் படித்த ஜேம்ஸ் ஷெப்பர்டு, டர்ஹாம் நகரில் இன்றைய வடகரோலினா மத்தியப் பல்கலைக்கழகத்தை நிறுவினார். எலிசபெத் சிட்டியில் அமைந்த அரசுக் கல்லூரியின் முதல் தலைவரான பீட்டர் வெடிக் மூரும் ஷாவில் படித்தவர்தான்.

வர்ஜீனியா யூனியன் வேறு வழியில் போனது. பெயரிலுள்ள 'யூனியன்' என்ற சொல்லுக்கு இணைப்பு என்றே பொருள். ரிச்மண்ட் இறையியல் பள்ளியும் வாஷிங்டனிலிருந்த வேலண்ட் இறையியல் பள்ளியும் 1899இல் ஒன்றானபோது வந்த பெயர் அது. ரிச்மண்டிலேயே இயங்கிய ஹார்ட்ஷார்ன் மகளிர் கல்லூரி 1932இல் சேர்ந்தது. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் மூடப்பட்ட ஸ்டோரர் கல்லூரியின் சொத்தும் மரபும் 1964இல் வந்தன. பிரிந்து நின்றிருந்தால் ஒவ்வொன்றாக மறைந்திருக்கக்கூடிய பள்ளிகளின் நினைவு ஒரே வளாகத்தில் நிலைத்திருக்கிறது.

கட்டடங்களைப் பார்க்கப் போகிறவருக்கு நான் தயங்காமல் ரிச்மண்டையே சொல்வேன். சாம்பல் நிறக் கருங்கல்லில் எழுந்த பழைய கட்டடங்களுக்கு நடுவே ஓங்கி நிற்கும் ஒரு நவீனக் கோபுரம், 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் இடம்பெற்ற பெல்ஜிய அரங்கத்தின் பகுதி. மறு ஆண்டில் பெல்ஜியம் ஜெர்மானியரிடம் வீழ்ந்ததால் அரங்கம் ஊர் திரும்ப வழியின்றி, இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடையாக வந்தது. கோபுரத்தில் ஒலித்த மணிகள் மட்டும் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய்விட்டன. சுவரின் புடைப்புச் சிற்பங்களில் பெல்ஜிய ஆட்சியில் இருந்த காங்கோ மக்களின் வாழ்க்கை செதுக்கப்பட்டிருக்கிறது. குடியேற்ற அரசு ஒன்று தன் பெருமைக்காகச் செதுக்கிய அந்த ஆப்பிரிக்க முகங்களைக் கடந்துதான் ஆப்பிரிக்க வழிவந்த மாணவர்கள் அன்றாடம் நடக்கிறார்கள். ஷாவின் வளாகமோ இழப்புகளைத் தாங்கியது: பழைய ஷா ஹால் 1967இல் இடிக்கப்பட்டது; 2011 ஏப்ரலில் வீசிய சூறாவளி பருவத்தின் எஞ்சிய வகுப்புகளையே நிறுத்தும் அளவுக்குச் சேதம் விளைவித்தது.

மாணவர் வாழ்க்கையை ஒப்பிட 1960ஆம் ஆண்டை விடப் பொருத்தமான ஆண்டு இல்லை. பிப்ரவரி 22 அன்று ரிச்மண்டின் தால்ஹைமர்ஸ் அங்காடியில், வெள்ளையர்க்கு மட்டும் உணவு பரிமாறிய இடத்தில் அமர்ந்து எழ மறுத்த வர்ஜீனியா யூனியன் மாணவர்கள் 34 பேர் கைதானார்கள். அவர்கள்மீதான தண்டனையை 1963இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. துணிவில் இதற்கு மேல் ஒன்றைக் கேட்க முடியாது. ஆனால் பல ஊர்களில் தனித்தனியாக எழுந்த அந்தத் துணிவு ஒரே அமைப்பாகத் திரண்ட இடம் ஷா. அதே ஆண்டு ஏப்ரலில், ஈஸ்டர் வார இறுதியில், மாணவர்களை அங்கே அழைத்தவர் எல்லா பேக்கர் என்ற குடியுரிமைப் போராளி. ஷாவில் பள்ளிப் படிப்பும் பட்டமும் முடித்து 1927இல் வகுப்பில் முதலிடம் பெற்றுத் தேறியவர். பெண்கள் பட்டுக் காலுறை அணியக் கூடாது என்ற விடுதி விதியை எதிர்த்துப் படிக்கும்போதே மனுக் கொடுத்தவர். நாகபுரியில் மூன்றாண்டுகள் பணியாற்றி காந்திய வழியைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாசன் அந்தக் கூட்டத்தில் உரையாற்றினார். மார்ட்டின் லூதர் கிங் தலைமையேற்றிருந்த அமைப்பின் இளைஞர் பிரிவாக மாணவர்களை ஆக்கிவிட வேண்டும் என்று மூத்த போதகர்கள் விரும்பியபோது, அதே அமைப்பில் பொறுப்பு வகித்த பேக்கர் உடன்படவில்லை. மாணவர்கள் தனித்து நிற்கும் அமைப்பாக எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது.

சில மாதங்களில் கிங்கின் அமைப்பில் பேக்கர் வகித்த நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவர் வயாட் டீ வாக்கர், வர்ஜீனியா யூனியனில் பட்டமும் இறையியலும் படித்த போதகர். சிதறிக் கிடந்த அலுவலகத்தை வாக்கர் கட்டுக்கோப்பான இயந்திரமாக்கினார். 1963இல் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் இனப்பிரிவினையை எதிர்த்து நடந்த போராட்டத்தின் திட்டம் அவர் கையில் உருவானது. பேக்கரோ தலைவரை நம்பியிராத சாதாரண மக்களை ஊர் ஊராகத் தேடிப் போனார். இருவரின் இயல்பையும் அவரவர் படித்த கல்லூரியே வார்த்தது என்று சொல்வது மிகை. ஆயினும் சேர்த்துக் கட்டும் திறன் ஒருபக்கமும் பிரித்து விதைக்கும் துணிவு மறுபக்கமும் நிற்பதைக் காணும்போது, எனக்கு ஷாவே ஒரு படி மேலாகத் தெரிகிறது. அதன் ஆகச் சிறந்த விளைச்சல், டர்ஹாமிலும் எலிசபெத் சிட்டியிலும் எஸ்.என்.சி.சி. இளைஞர்கள் உழைத்த மிசிசிப்பியின் பருத்திக் காட்டு ஊர்களிலும், அதன் வேலிக்கு வெளியேதான் இருக்கிறது.