ஸ்ட்ரெயிட்டனிங்கை விட்டு ஐந்தரை வருஷம்: என் சுருட்டை முடி திரும்பி வந்த கதை

கடைசியாக நான் முடியை நேராக்கிக்கொண்டது 2019 நவம்பரில். அதை நிறுத்தலாமா என்று யோசிக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மொட்டை அடிக்காமல் பழைய முடி திரும்ப வருமா?" என்பதுதான். வரும். நான் மொட்டையும் அடிக்கவில்லை, ஒரேயடியாகக் கிராப்பும் வெட்டிக்கொள்ளவில்லை. ஆனால் 28 மாதம் பிடித்தது. அந்த 28 மாதமும் தலையில் இரண்டு விதமான முடியோடு காலம் தள்ளினேன். அது எப்படி இருந்தது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி முடியைக் காப்பாற்றியிருப்பேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பிறவியிலேயே சுருட்டை. திருச்சியில் பள்ளிக்கூடம் போகும்போது எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், நெற்றியோரம் அடங்காத குட்டிச் சுருள்கள், கூடவே "பரட்டை" என்ற பட்டப்பெயர். 2013-ல் சென்னையில் வேலை கிடைத்ததும் முதல் மாதச் சம்பளத்தில் 4,500 ரூபாய் கொடுத்து ஸ்ட்ரெயிட்டனிங் செய்துகொண்டேன். ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். க்ரீம் தடவியதும் அழுகிய முட்டை நாற்றமும் அம்மோனியா நெடியும் கலந்து கண்ணில் நீர் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாள் தலை நனையக் கூடாது, ரப்பர் பேண்ட் போடக் கூடாது, காதுக்குப் பின்னால்கூட ஒதுக்கக் கூடாது, மடிப்பு விழுந்துவிடும் என்றார்கள். அப்படியே இருந்தேன். நான்காம் நாள் அலுவலகத்தில் கிடைத்த பாராட்டு, அடுத்த ஆறு வருஷத்துக்கு ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது.

இந்த விஷயத்தின் வேதியியலைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த 'ரிலாக்ஸர்' பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடும் காரம். நம் ஊர் பார்லர் ஸ்ட்ரெயிட்டனிங்கில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட். மருந்து வேறு, இலக்கு ஒன்றுதான். முடியில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கிற கந்தகப் பிணைப்புகளை அது அறுத்துவிடும். நம் ஊர் பார்லரில், அறுந்த நிலையில் அயர்ன் வைத்து நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசரைப் போட்டு அதே வடிவத்தில் பூட்டிவிடுவார்கள். அதனால், நேராக்கிய முடி எந்த எண்ணெய்க்கும் எந்த மாஸ்க்குக்கும் திரும்பச் சுருளாது. வேரிலிருந்து புதிதாக வருவதுதான் சுருட்டை. முடி மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். வருஷத்துக்கு ஒரு சாண் கூட வராது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் சுருளைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று சொல்லும் எந்த பாட்டிலுக்கும் காசு கொடுக்க மாட்டீர்கள்.

நான் தீர்மானம் போட்டு நிறுத்தவில்லை. 2020 தொடக்கத்தில் கர்ப்பம், உடனே லாக்டவுன். பார்லரும் இல்லை, அந்த நெடியைத் தாங்கும் நிலையில் நானும் இல்லை. ஜூலையில் ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கண்ணாடியைப் பார்த்தேன். நுனி முழுக்கக் குச்சி குச்சியாகத் தொங்குகிறது. வேர்ப்பக்கம் ஒரு விரல்நீளத்துக்குப் பெருவிரல் தடிமனில் சுருள் சுருளாக நிற்கிறது. ஒன்றைப் பிடித்து இழுத்துவிட்டேன், துள்ளிக்கொண்டு பழைய இடத்துக்குப் போனது. ஏழு வருஷமாகப் பார்க்காத முடி. அன்றைக்கு அதைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகுதான் கஷ்டகாலம். சுருட்டையும் நேர்முடியும் சந்திக்கும் இடம் இருக்கிறதே, அதுதான் முடியிலேயே பலவீனமான பகுதி. ஒரு முடியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் மெல்ல உருவிப் பாருங்கள். மேலே நெளிநெளியாக வரும், அப்புறம் ஓரிடத்தில் சட்டென்று மெலிந்து வழுக்கும். நான் வழக்கம்போலக் காய்ந்த முடியில் மேலிருந்து கீழாகச் சீப்பை இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான் 'டக்'கென்று அறுந்தது. வேரோடு வந்தால் முடி உதிர்கிறது என்று அர்த்தம், பாதியில் அறுந்து வந்தால் உடைகிறது என்று அர்த்தம். சீப்பில் மாட்டியதை வெள்ளைத் துணியில் போட்டுப் பார்த்தால், வேரோடு வந்ததில் ஒரு முனையில் குண்டூசித் தலை மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கும். என் துணியில் கிடந்தவற்றில் முக்கால்வாசிக்கு அந்தப் புள்ளி இல்லை.

காய்ந்த முடியில் சீப்பு வைப்பதை அன்றோடு நிறுத்தினேன். கண்டிஷனர் தடவி வழுவழுவென்று இருக்கும்போதே விரலால் சிக்கு எடுப்பேன், பிறகு அகலப்பல் மரச்சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போவேன். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்தது 2020 அக்டோபரில். மூன்று மாதம் கழித்துக் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்ட ஆரம்பித்தது. ஸ்ட்ரெயிட்டனிங்கை விட்டதுதான் காரணம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அது பிரசவத்துக்குப் பிறகு வரும் உதிர்வு. கர்ப்பகாலத்தில் உதிராமல் தங்கிய முடி மொத்தமாக விழுகிறது, தானாகவே நிற்கும் என்று தோல் மருத்துவர் விளக்கினார். எனக்கு ஆறேழு மாதத்தில் நின்றது. ஆனால் அந்த நாட்களில் இரண்டு தடவை பார்லர் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். மீண்டும் நேராக்கிக்கொண்டால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுமே என்ற ஆசை அவ்வளவு இருந்தது.

இரண்டு விதமான முடியையும் ஒன்றுபோலக் காட்ட எனக்குக் கைகொடுத்தது சின்ன வயசு இரட்டைப் பின்னல்தான். ராத்திரி முக்கால்வாசி காய்ந்த முடியைத் தளர்வாகப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் நேர்நுனியிலும் நெளி விழுந்திருக்கும். இதைக் கறுப்பினப் பெண்கள் போட்ட வீடியோக்களில்தான் கற்றேன். சுருட்டையைத் திரும்ப வளர்க்கும் வழியை உலகத்துக்குப் போட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். சுருட்டை முடிக்காக வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கப்பட்டு, அதற்கு எதிராகச் சட்டம் வரைக்கும் போனவர்கள். 'கிரவுன் ஆக்ட்' என்ற அந்தச் சட்டத்தை 2019-ல் முதலில் கொண்டுவந்த மாநிலம் கலிபோர்னியா. அவர்களின் பொறுமையை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவர்கள் பூசும் ஷியா பட்டர் (ஆப்பிரிக்க மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பு) மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. அவர்களில் பலருக்கு இருப்பது மிக இறுக்கமான சுருள், அதற்குக் கனமான பூச்சு வேண்டும். என் முடியில் அது பிசுக்காக ஒட்டிக்கொண்டு சுருளையே கீழே இழுத்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு அங்குலம், சில சமயம் மூன்று அங்குலம் வெட்டிக்கொண்டே வந்தேன். 2022 மார்ச்சில் மிச்சமிருந்த நேர்நுனியை மொத்தமாக எடுத்தாயிற்று. நனைந்திருக்கும்போது தோளுக்குக் கீழே தொங்கிய முடி, காய்ந்ததும் தாடை வரைக்கும் ஏறி நின்றது. சுருட்டை காயும்போது சுருங்கும். ஆகவே வெட்டுபவரிடம் காய்ந்த முடியில் வெட்டச் சொல்லுங்கள். முதலில் போன இடத்தில் ஈரத்தில் சீவி இழுத்து நேர்கோடாக வெட்டினார்கள், காய்ந்ததும் முக்கோணமாக விரிந்துகொண்டது.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு குளியல். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெய், நடுமுடியிலும் நுனியிலும் மட்டும். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் பதிவான விஷயம், பாட்டிகள் சொன்னது சரிதான். ஆனால் ராத்திரி முழுக்க வழிய வழிய வைத்திருந்து, காலையில் அதைப் போக்க இரண்டு தடவை ஷாம்பு போட்டால் என் சுருட்டை வைக்கோலாகிவிடுகிறது. சல்பேட் இல்லாத ஷாம்பு, அதுவும் மண்டையில் மட்டும். சீயக்காய் எனக்கு ஒத்துவரவில்லை. திப்பி சுருளுக்குள் சிக்கிக்கொண்டு நாள் முழுக்க உதிரும். அம்மாவுக்கு இதில் இன்றுவரை வருத்தம்.

கண்டிஷனரை அலசிய பிறகு முடி சொட்டச் சொட்ட இருக்கும்போதே ஜெல் தடவ வேண்டும். துவட்டிவிட்டுத் தடவினால் முடி பஞ்சு மாதிரி விரிந்துவிடும். ஜெல் வீட்டிலேயே ஆளி விதையில் செய்கிறேன். கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர். அடுப்பைக் குறைத்து, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு நிமிஷத்தில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கரண்டியிலிருந்து நூலாக இறங்கும். அப்போதே, சூட்டோடு, மெல்லிய நைலான் துணியில் வடிகட்டிவிட வேண்டும். முதல் தடவை ஆறட்டும் என்று வைத்துவிட்டேன். விதையும் ஜெல்லும் ஒன்றாக இறுகி, பிழியப் பிழியக் கையில் வழுக்கியது, ஒரு சொட்டு இறங்கவில்லை. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் புளித்த வாடை வந்துவிடும். கொத்துக் கொத்தாக உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கிப் பிசைந்துவிட்டு, பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும். காயும்வரை தொடவே கூடாது. காய்ந்ததும் முடி அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருக்கும். பயப்பட வேண்டாம், அப்போது மெல்லக் கசக்கினால் ஜெல் உடைந்து சுருள் மட்டும் மெத்தென்று நிற்கும். அந்த நிமிஷம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோழிங்கநல்லூர்ப் பக்கம் எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர். குழாயில் வெள்ளைப் படிவு கட்டும். அதே உப்பு முடியிலும் படிந்து, எதைப் போட்டாலும் உள்ளே இறங்காமல் தடுத்தது. ஷவர் ஃபில்டர் வாங்கிப் பார்த்தேன். கடினநீரை மென்மையாக்க வேறு வகைக் கருவி வேண்டும், அந்தச் சின்னக் குப்பியால் முடியவில்லை. இப்போது மாதம் ஒருமுறை, உப்புப் படிவைப் பிடித்து வெளியேற்றும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த ஷாம்பு, ஒவ்வொரு குளியலின் முடிவிலும் ஒரு சொம்பு குடிதண்ணீரில் கடைசி அலசல், அவ்வளவுதான். திருச்சிக்குப் போனால் காவிரித் தண்ணீரில் இது எதுவுமே தேவைப்படுவதில்லை.

நான் வீணாக்கிய பணத்தில் பெரும்பகுதி 'புரோட்டீன்' என்று எழுதிய மாஸ்க்குகளுக்குப் போனது. வாரா வாரம் போட்டேன், முடி கம்பிபோல விறைத்து இன்னும் உடைந்தது. எனக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். கிளிசரின் அதிகமுள்ள ஜெல்கள் சென்னைப் புழுக்கத்தில் ஈரத்தை இழுத்து முடியை ஊத வைத்தன. முடியை 1 முதல் 4 வரை எண் போட்டுப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு, ஓப்ரா வின்ஃப்ரியின் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் கொண்டுவந்தது. அதில் 3 என்றால் சுருட்டை, அதற்குள் உட்பிரிவுக்கு ஏ, பி என்று எழுத்து. நான் 3ஏ-வா 3பி-யா என்று மண்டையை உடைத்துக்கொண்ட நேரத்துக்குப் பலன் ஒன்றும் இல்லை. ஒரே தலையில் பிடரிப் பக்கம் ஒன்று, நெற்றிப் பக்கம் ஒன்று. இப்போது நம் நாட்டிலேயே ஃபிக்ஸ் மை கர்ல்ஸ், அராட்டா, கர்ல் அப் என்று சுருட்டைக்கான பொருட்கள் வந்துவிட்டன. மாதச் செலவு எனக்கு 700, 800 ரூபாய்க்குள் அடங்குகிறது.

நிறுத்திய பிறகு படித்தது ஒன்று. 2022 அக்டோபரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 33,497 பெண்களைச் சுமார் 11 வருஷம் தொடர்ந்திருக்கிறார்கள். முடியை நேராக்கும் ரசாயனம் ஒருபோதும் போடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி போடுபவர்களில் 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அடிக்கடி என்றால் முந்தைய ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிரூபிக்கவில்லை, நானும் அவ்வளவு அடிக்கடி போட்டவள் இல்லை. ஆனாலும் என் மகள் வளர்ந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று கேட்டால் இந்த எண்களை அவள் முன்னால் வைப்பேன். அவளுக்கும் சுருட்டைதான்.

சங்கப் பாடல்களில் பெண்ணின் கூந்தலுக்கு அறலை உவமை சொல்வார்கள். அறல் என்றால் ஆற்றுநீர் ஓடிய இடத்தில் கருமணலில் விழும் நெளிகள். கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றும்போது எத்தனையோ தடவை அதை மிதித்து நடந்திருக்கிறேன். பள்ளியில் அந்த உவமையை மனப்பாடம் செய்தபோது என் தலையை நினைத்துக்கொண்டதே இல்லை.

போன மே மாதம் திருச்சியில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். 62 வயசு. உலர்ந்தும் உலராமலும் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிடுவது அவள் வழக்கம். "உனக்கு மட்டும் எங்கேருந்துதான் இந்த முடி வந்துச்சோ" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தவள். பிடரியில் ஈரத்தோடு ஒட்டியிருந்த நரைமுடி சின்னச் சின்ன வளையமாகச் சுருண்டு கிடந்தது. அம்மா, கொஞ்சம் இரு என்று ஜெல்லை எடுத்துவந்து தடவினேன். அரைமணியில் தோள் முழுக்கச் சுருள் இறங்கியது. கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றை விரலில் சுற்றி இழுத்தாள், விட்டாள். துள்ளிக்கொண்டு போனது.

"சரி சரி, கோயிலுக்கு நேரமாச்சு, பின்னிவிடு" என்றாள். பின்னிவிட்டேன். மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது, அந்தக் கொழகொழ டப்பாவை வைத்துவிட்டுப் போ என்றாள்.