பீலி துப்புரவுக்கு 38,500 ரூபா கொடுத்து ஏமாந்தேன்: மழைக்கு முன் வாசித்துவிடுங்கள்

நேற்றிரவு பெய்த மழையில் எங்கள் படுக்கையறைச் சீலிங்கின் இரண்டு தட்டுகள் ஊறிக் கட்டிலின் மேல் விழுந்தன. தண்ணீர் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகத்தான் பதினொரு நாட்களுக்கு முன் 38,500 ரூபா செலவழித்தேன். ஆத்திரம் ஆறுவதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன்; கூரைத் தண்ணீர் வடியும் பீலியை எப்படிப் பராமரிப்பது, யாரை நம்புவது என்பதையெல்லாம் முடிவில் சொல்கிறேன்.

நாங்கள் தெகிவளையில் ஓட்டுக் கூரை போட்ட பழைய வீடொன்றில் இருக்கிறோம். பக்கத்து வளவு மாமரம் தன் இலைகளில் பாதியை எங்கள் பீலிக்குள்தான் கொட்டும். ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்குமுன் அதைத் துப்புரவாக்குவது வழக்கம். வழமையாக வரும் ஐயா இப்போது ஏணியில் ஏறுவதில்லை என்பதால், வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் கைபேசிச் செயலி ஒன்றில் 8,500 ரூபாவுக்குப் பதிவுசெய்தேன்.

இரண்டு இளைஞர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தேநீருக்கு நன்றி சொன்ன பிள்ளைகள். அரை மணித்தியாலத்தில் மூத்தவர் இறங்கிவந்து, "அன்ரி, பீலி மூன்று இடத்தில வெடிச்சிருக்கு, அதைப் பிடிச்சிருக்கிற தாங்கியும் கழண்டு கிடக்கு, இப்பிடியே விட்டா சீலிங் போயிடும்" என்று கைபேசியில் படம் காட்டினார். அது எங்கள் வீட்டுப் பீலிதானா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெடிப்புகளைச் சிலிக்கன் பூசி அடைத்து, தாங்கிகளை மாற்ற 30,000 ரூபா என்றார். செயலி வழியாகச் செலுத்தினால் கட்டணம் கூடும் என்று சொல்லித் தன் வங்கிக் கணக்கு இலக்கத்தைத் தந்தார். நானும் அனுப்பினேன்.

வேலை முடிந்ததும் அவராகவே ஒரு வாளி தண்ணீரைப் பீலியின் மூலையில் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் மளமளவென்று இறங்கு குழாய்க்குள் போனது. அந்த ஒரு வாளியில்தான் நான் கவிழ்ந்தேன். எங்கள் குழாய் மூன்று அங்குலம், பத்தடி உயரம். அடி வளைவு முழுதாக அடைபட்டிருந்தாலும் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே விழுங்கி வைத்துக்கொள்ளும். குழாயின் மறுமுனை சீமெந்துத் தரைக்கு அடியால் போய் மதிலுக்கு வெளியே வடிகானில் திறக்கிறது. அங்கே தண்ணீர் வருகிறதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அறுபது சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,500 லீற்றர் தண்ணீர். அதற்கு ஒரு வாளிதான் பரீட்சை! வேலை முடிந்ததை உறுதிப்படுத்தச் செயலியில் வந்த ஆறு இலக்க எண்ணையும் அவர்கள் கேட்டதும் வாசித்துக் காட்டினேன்.

ஐந்தாம் நாள் முதல் மழையிலேயே பீலி நிரம்பி, வெளியே வழியாமல் ஓட்டுக்கு அடியால் சுவருக்குள் இறங்கியது. செயலி நிறுவனத்திடம் முறைப்பாடு செய்தேன். வேலை முடிந்து 48 மணித்தியாலங்களுக்குள் அறிவித்திருக்க வேண்டும் என்று முதலாமவர் சொன்னார். மழை ஐந்தாம் நாள்தான் பெய்தது என்றேன், வருந்துகிறோம் என்றார். நீங்களே எண்ணைக் கொடுத்து வேலையை ஏற்றுக்கொண்டீர்கள் என்றார் இரண்டாமவர். மூன்றாவதாகப் பேசியவர், தங்கள் பதிவில் 8,500 ரூபாதான் இருக்கிறது, மிகுதி 30,000 ரூபா உங்களுக்கும் அந்தத் தம்பிக்கும் இடையிலான சொந்த ஏற்பாடு என்றார். அந்தத் தம்பியின் இலக்கம் இப்போது ஒலிப்பதே இல்லை. எனக்கு அது 8,500 அல்ல, 30,000 அல்ல, 38,500 ரூபா.

இன்று காலை தெரிந்த குழாய் வேலைக்காரர் ஒருவர் வந்து அடி வளைவைக் கழற்றினார். மாவிலையும் சேறும் ஒரு சாக்கு நிறைய வந்தன. அவற்றின் நடுவே ஓர் இறப்பர் கையுறை. இலையை அள்ளி எடுக்காமல் குழாய்க்குள் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிலிக்கனை ஈரப் பாசியின் மேலேயே பூசியதால் அது தோல்போல உரிந்து வந்தது. புதிய தாங்கிகள் நடுவில் உயர்ந்திருந்தபடியால் மேற்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கி நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் வீட்டுக்காரியாகிய நான்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் கையுறையைக் காட்டவா முடியும்?

விரிவாக எழுத எண்ணியிருந்தேன். ஆனால் வானம் மறுபடி கறுத்துவிட்டது, கட்டிலை நகர்த்த வேண்டும். ஆகவே சுருக்கமாக: வாளியை நம்பாதீர்கள், தண்ணீர்க் குழாயில் ஹோஸ் பூட்டிப் பீலிக்குள் பத்து நிமிடமாவது விட்டு, கானில் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பாருங்கள். அள்ளிய குப்பையை நிலத்தில் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் எண்ணை வாசித்துவிடாதீர்கள், தனிக் கணக்குக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள். என்னுடைய கடிதம் நாளை போகிறது, 38,500 ரூபாவுக்கும் சேர்த்து.