இடித்த பிறகு பார்க்கிங் சென்சார்: ஹோல்டரைச் சரிசெய்வதா, புதிதா, பழையதா, தனி கிட்டா?

ரிவர்ஸ் போட்டதும் சுமார் 3 விநாடி ஒரே நீளமாக பீப் அடித்தால், பல கார்களில் ஏதோ ஒரு சென்சாரிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். பின்னால் ஒன்றுமே இல்லாமல் விட்டு விட்டு அடித்தால், சென்சாருக்கு உயிர் இருக்கிறது. சாய்ந்துபோய்த் தரையைப் பார்க்கிறது, அல்லது முகத்தில் சேறு அப்பியிருக்கிறது. இது எந்த வகைக் கோளாறு என்று தெரியாமல் பாகம் வாங்கக் கூடாது.

எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் போடுங்கள். சென்சார் முகத்தில் விரல் நுனியை வைத்தால் மெல்லிய 'டிக் டிக்' துடிப்பு தெரியும். ஒன்று மட்டும் அமைதியாக இருந்தால், அதே பார்ட் நம்பர் கொண்ட பக்கத்துச் சென்சாரோடு இடம் மாற்றுங்கள். கோளாறு கூடவே நகர்ந்தால் சென்சார் போய்விட்டது. பழைய இடத்திலேயே நின்றால் வயர் அல்லது கனெக்டர். கனெக்டரின் உலோகப் பின்களில் பச்சைப் பூப்பு (அரிப்பு) இருக்கிறதா பாருங்கள். சில கார்களில் ஒன்று கெட்டாலே எல்லாம் அமைதியாகிவிடும். அங்கே காரின் கோளாறுப் பதிவைப் படிக்கும் ஸ்கேனர்தான் வழி.

சென்சார் நன்றாக இருந்தால், அதைப் பம்பரில் பிடித்து வைக்கும் ஹோல்டரைச் சரிசெய்வதே முதல் தேர்வு. செலவும் குறைவு. உடைந்த காதுகளை பிளாஸ்டிக் வெல்டிங் செய்யலாம், அல்லது பிரைமர் அடித்து இரட்டைக் கலவைப் பசையால் ஒட்டலாம். ஹாட் குளூ வேண்டாம், வெயிலில் இளகிச் சென்சார் சாய்ந்துவிடும். சென்சாரைச் சுற்றியுள்ள சிலிக்கோன் வளையத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் அதிர்வு பம்பருக்குள் பாய்ந்து, இல்லாத பொருளைக் காட்டும்.

செத்த சென்சாருக்கு ஒரிஜினல் புதிதுதான் நம்பகமானது. மூலைக்கும் நடுவுக்கும் பார்ட் நம்பர் வேறாக இருக்கலாம். பெயின்ட் அடிக்கும்போது கழற்றி, வளையத்தை எடுத்துவிட்டு, மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். பெயின்ட் தடித்தால் முகத்தின் சவ்வு சரியாக அதிராது. உடைப்புக் கடைச் சென்சாரில் சிக்கலே இதுதான்: பழைய நிறத்தின் மேல் புது நிறம் ஏறும். நம்பர், நிறம் இரண்டும் ஒத்துப்போனால் தாராளமாக வாங்கலாம்.

வெளியில் வாங்கிப் பொருத்தும் தனி சென்சார் கிட் கடைசி வழி. சென்சார்களை இயக்கும் காரின் கன்ட்ரோல் யூனிட்டே போனால்தான் அதற்கு வேலை. காரின் திரையோடு பேசாது. கிட் சென்சார்களின் துளை அளவும் கம்பெனித் துளைக்குப் பொருந்தாமல் போகலாம்.

எதைச் செய்தாலும் காரில் பதிந்த கோளாறுக் குறியீட்டை (ஃபால்ட் கோட்) அழித்துவிட்டு, 75 மி.மீ. விட்டமுள்ள 1 மீட்டர் குழாயை நிமிர்த்தி, ஒவ்வொரு சென்சாருக்கும் நேராக நகர்த்திப் பாருங்கள்.